சென்னை – சிங்கப்பூர்: எவ்வளவு தூரம், எத்தனை மணி நேரம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் தம்பி சிங்கப்பூருக்குப் போய் இருபது வருடம் ஆகிறது. நான் பம்மலில் இருக்கிறேன். ஏர்போர்ட் பக்கத்திலேயே வீடு என்பதால் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து எங்கள் சொந்தக்காரர்கள் யார் கிளம்பினாலும் முதல் நாள் எங்கள் வீட்டில்தான் தங்குவார்கள். சோறு போட்டுக்கொண்டே நான் பதில் சொல்லும் கேள்விகள் வருடக்கணக்காக அதேதான். இந்தக் குழப்பம் எல்லாம் ஒரே இடத்தில்தான் தொடங்குகிறது என்று எனக்குப் புரிய வெகுநாள் ஆனது. தூரம் ஒரு கணக்கு, பறக்கும் நேரம் ஒரு கணக்கு, டிக்கெட்டில் போட்டிருக்கும் கடிகார நேரம் இன்னொரு கணக்கு. மூன்றையும் ஒன்றாக நினைத்தால் எதுவுமே ஒத்து வராது. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதியிருக்கிறேன்.

அக்கா, சென்னையில இருந்து சிங்கப்பூர் எத்தனை கிலோமீட்டர்?

ஏர்போர்ட்டிலிருந்து ஏர்போர்ட்டுக்கு நேர்கோட்டில் சுமார் 2,920 கி.மீ. வாய்க்கு வசதியாக 2,900 என்று வைத்துக்கொள்ளுங்கள். சென்னையிலிருந்து டெல்லி சுமார் 1,760 கி.மீ., கொழும்பு 650 கி.மீ.க்குள். அதாவது டெல்லிக்குப் போவதை விட ஒன்றரை மடங்குக்கும் கொஞ்சம் மேலே.

விமானத்துல எவ்வளவு நேரம் ஆகும்? ஒருத்தர் மூணே முக்கால்ங்கிறார், ஒருத்தர் நாலரைங்கிறார்.

இரண்டு பேரும் சொல்வது சரிதான். வேறு வேறு பொழுதை அளக்கிறார்கள். சக்கரம் தரையை விட்டு எழும்பியதிலிருந்து மறுபடி தரையைத் தொடும் வரை சுமாராக 3 மணி 40 நிமிடம் முதல் 4 மணி வரை. டிக்கெட்டில் போடுவது அதுவல்ல. சென்னையில் நிற்கும் இடத்திலிருந்து விமானம் நகர ஆரம்பித்ததிலிருந்து சிங்கப்பூரின் சாங்கி ஏர்போர்ட்டில் போய் நிற்கும் வரைக்குமான நேரம். ஓடுபாதை வரை ஊர்ந்து போவது, முன்னால் நாலு விமானம் வரிசையில் நின்றால் காத்திருப்பது, அங்கே இறங்கிய பிறகு கேட் வரை போவது எல்லாம் அதில் சேரும். அதோடு தாமதத்துக்கென்று கொஞ்சம் நேரத்தை முன்கூட்டியே சேர்த்துத்தான் போடுவார்கள். அதனால் டிக்கெட்டில் 4 மணி 10 நிமிடம் முதல் நாலரை மணி வரை பார்க்கலாம்.

சில நாள் அரை மணி தாமதமாகக் கிளம்பிய விமானம் பத்து நிமிடத் தாமதத்தோடு போய்ச் சேர்ந்துவிடும். "பைலட் வேகமா ஓட்டிட்டாரு" என்பார்கள். பெரும்பாலும் காரணம் சேர்த்து வைத்த அந்த நேரம்தான்.

விமானம் மணிக்கு 900 கிலோமீட்டர் போகும்னா 2,900-க்கு மூணேகால் மணி நேரம்தானே ஆகணும்?

பள்ளிக்கூடக் கணக்குப்படி ஆமாம். ஆனால் 850, 900 என்பது மேலே 10, 11 கி.மீ. உயரத்துக்குப் போய் நிலைத்த பிறகு உள்ள வேகம். ஏறும்போதும் இறங்கும்போதும் அவ்வளவு வேகம் கிடையாது. ஏற ஒரு இருபது இருபத்தைந்து நிமிடம், இறங்க அதைப் போல, இந்த இரண்டிலும் வேகம் குறைவு. அப்புறம் யாரும் வரைபடத்தில் கோடு போட்ட மாதிரி நேராகப் போவதும் இல்லை. வானத்தில் குறித்து வைத்த வழித்தடங்கள் உண்டு, அதில்தான் போக வேண்டும். இடையில் இடிமேகம் வந்தால் சுற்றிப் போக வேண்டும்.

விமானத்தைப் பொறுத்தும் மாறும். ஏர்பஸ் ஏ320 மாதிரி ஒற்றை நடைபாதை விமானங்களை விட ஏ350, போயிங் 787 மாதிரி பெரிய விமானங்கள் கொஞ்சம் வேகமாகப் போகக்கூடியவை. இந்தத் தூரத்துக்கு அதனால் கால் மணி நேரம் வரை வித்தியாசம் வரும். ஒரே நாளில் இரண்டு கம்பெனி விமானங்களுக்கு இரண்டு பயண நேரம் போட்டிருந்தால் பதற வேண்டாம்.

இரவு 11.15-க்குக் கிளம்பி காலையில 6 மணிக்குப் போய்ச் சேருதுன்னு போட்டிருக்கு. ஆறே முக்கால் மணி நேரமா?

என்னிடம் அதிகம் பேர் கேட்டது இதுதான். டிக்கெட்டில் புறப்படும் நேரம் புறப்படும் ஊரின் நேரம், சேரும் நேரம் சேரும் ஊரின் நேரம். சிங்கப்பூர்க் கடிகாரம் நம்மை விட இரண்டரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. ஆறே முக்காலில் இரண்டரையைக் கழித்தால் நாலேகால் மணி நேரம். அதுதான் பயணம்.

திரும்பி வரும்போது கூட்ட வேண்டும். அங்கே இரவு 8 மணிக்கு ஏறி இங்கே 9.45-க்கு இறங்கினால் ஒன்றே முக்கால் மணி நேரம்தான் போலத் தெரியும். இரண்டரையைக் கூட்டினால் அதே நாலேகால். போகும்போது கழி, வரும்போது கூட்டு. எங்கள் பெரியம்மா இதைப் பால் கணக்கு எழுதும் நோட்டின் பின் அட்டையில் எழுதி வைத்திருந்தார்.

இங்க மணி என்னன்னு தெரியும், அங்க மணி என்னன்னு டக்குனு எப்படிக் கணக்குப் போடறது?

நம் நேரத்தோடு மூன்று மணியைக் கூட்டி அரை மணியைக் கழித்துவிடுங்கள். இங்கே மாலை 7 மணி என்றால் 10, அதில் அரை போனால் 9.30. பேரப்பிள்ளைகளோடு வீடியோவில் பேச இங்கே மாலை 5, 6 மணி நல்ல நேரம், அங்கே 7.30, 8.30 ஆகியிருக்கும். நாம் சாப்பிட்டுக் கைகழுவி 9 மணிக்கு ஆற அமரக் கூப்பிட்டால் அங்கே பதினொன்றரை, பிள்ளைகள் தூங்கியிருப்பார்கள். சிங்கப்பூரிலும் சரி, நம் நாட்டிலும் சரி, கோடையில் கடிகாரத்தை மாற்றும் வழக்கம் கிடையாது. வருடம் பூராவும் இதே இரண்டரைதான்.

திருச்சி தெற்கே இருக்கு, சிங்கப்பூரும் தெற்கே இருக்கு. அப்ப திருச்சியில இருந்து போனா தூரம் கம்மிதானே?

அப்படித்தான் நானும் நினைத்தேன். கணக்குப் போட்டுப் பார்த்தால் திருச்சியிலிருந்து சுமார் 2,980 கி.மீ. வருகிறது. சென்னையை விட ஏறக்குறைய 60 கி.மீ. அதிகம். காரணம், சிங்கப்பூர் நமக்குத் தெற்கே இருப்பதை விடக் கிழக்கேதான் அதிகம் தள்ளி இருக்கிறது. திருச்சி சென்னையை விடத் தெற்கே இருந்தாலும் மேற்கே உள்ளே தள்ளி இருப்பதால், தெற்கே வந்ததில் கிடைத்த லாபத்தை மேற்கே போனது விழுங்கிவிடுகிறது. மதுரையிலிருந்து 3,010, கோயம்புத்தூரிலிருந்து 3,160 கி.மீ. சுமாராக.

ஆனால் இதைப் பார்த்து தஞ்சாவூர்க்காரர்கள் சென்னைக்கு வண்டி ஏறிவிடக் கூடாது. வானத்தில் 60 கி.மீ. என்பது நாலைந்து நிமிடம். தரையில் தஞ்சாவூரிலிருந்து திருச்சி 60 கி.மீ., சென்னை சுமார் 340 கி.மீ. கட்டணமும் நாளும் ஒத்து வந்தால் திருச்சியே நல்லது. எங்கள் வீட்டுக்கு வந்து தங்கிப் போவது எனக்குச் சந்தோஷம்தான், ஆனால் எழுபது வயதில் ஏழு மணி நேரம் பஸ்ஸில் உட்கார்ந்து கால் வீங்கி வருபவர்களைப் பார்த்தால் மனசு கேட்பதில்லை.

வீட்டை விட்டுக் கிளம்பி அங்க வீடு போய்ச் சேர மொத்தம் எவ்வளவு நேரம்?

இதைத்தான் எல்லோரும் முதலில் கேட்க வேண்டும். வெளிநாட்டு விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்பே ஏர்போர்ட்டில் இருக்கச் சொல்கிறார்கள், அது வீண் இல்லை. பெட்டி போடும் கவுண்டரைக் கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடுவார்கள், குடியேற்ற வரிசை சில நாள் நீளமாக இருக்கும். பறப்பது நாலேகால், அங்கே இறங்கிப் பெட்டி எடுத்து வெளியே வர ஒரு மணி, வீடு போய்ச் சேர இன்னொரு முக்கால் மணி. சென்னைக்குள்ளிருந்து கிளம்பினாலே பத்து மணி நேரம் ஆகிவிடும். "நாலு மணி நேரம்தானே" என்று வெறும் வயிற்றோடு கிளம்புகிறவர்களுக்கு இதைச் சொல்லுங்கள்.

இன்னொன்று. சிங்கப்பூர் வருகை அட்டையை இணையத்தில் முன்கூட்டியே நிரப்ப வேண்டும், போய்ச் சேரும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள். கட்டணம் கிடையாது. பணம் கேட்கும் தளம் என்றால் தப்பான இடத்துக்குப் போய்விட்டீர்கள் என்று அர்த்தம்.

டிக்கெட்ல 15-ஆம் தேதி 00.40-னு இருக்கு. 15-ஆம் தேதி ராத்திரி போனா சரியா?

சரியில்லை. 14-ஆம் தேதி இரவே ஏர்போர்ட்டில் இருக்க வேண்டும். 00.40 என்பது 14 முடிந்து 15 பிறந்த நாற்பதாவது நிமிடம். நீங்கள் 14-ஆம் தேதி இரவு 9.30-க்கு உள்ளே போயிருக்க வேண்டும்.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. எங்கள் மாமா ஒருவர் மகளின் பிரசவத்துக்குப் போகப் பத்து நாளாகத் தயாரானார். பிரசவ லேகியம், பருப்புப் பொடி, பெட்டிக்கு மேலே பச்சைக் கயிறு கட்டி அதில் பெயர் எழுதிய அட்டை. இரவு ஒன்பது மணிக்கு வாசலில் நின்ற காவலர் டிக்கெட்டை வாங்கிப் பார்த்தார், எதுவும் பேசாமல் தேதியின் மேல் விரலை வைத்துத் திருப்பிக் காட்டினார். விமானம் போய் இருபது மணி நேரம் ஆகியிருந்தது. மாமா அங்கேயே பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டார். புது டிக்கெட் எடுத்து மறுநாள் அனுப்பினோம், குழந்தை அதற்குள் பிறந்துவிட்டது. அன்றிலிருந்து யார் டிக்கெட் காட்டினாலும் நான் முதலில் பார்ப்பது நள்ளிரவு 12-லிருந்து விடிகாலை 3 மணிக்குள் ஏதாவது இருக்கிறதா என்றுதான். இருந்தால் முந்தின தேதியைக் காலண்டரில் சிவப்பு மையில் வட்டம் போட்டுக் கொடுத்துவிடுவேன்.

ஒரு இடத்துல 2,900, இன்னொரு இடத்துல 1,815, வேற ஒண்ணுல 1,577-னு போட்டிருக்கான். எது உண்மை?

எல்லாம் ஒரே தூரம்தான், அளவுகோல் வேறு. 2,920 கிலோமீட்டரை மைலில் சொன்னால் 1,815. விமானிகளும் மாலுமிகளும் பயன்படுத்தும் கடல் மைலில் சொன்னால் 1,577. ஒரு கடல் மைல் 1.852 கி.மீ., சாதாரண மைல் 1.609 கி.மீ.

கிலோமீட்டரிலேயே பத்து இருபது வித்தியாசம் வந்தால், ஒருவர் ஊரின் நடுவிலிருந்து அளந்திருப்பார், இன்னொருவர் ஏர்போர்ட்டிலிருந்து அளந்திருப்பார். பூமியைச் சுத்தமான உருண்டையாக எடுத்துக்கொள்வதா, துருவங்களில் கொஞ்சம் தட்டையாக எடுத்துக்கொள்வதா என்பதிலும் சில கிலோமீட்டர் மாறும். பயணிக்கு இதில் ஒன்றும் இல்லை, விட்டுவிடுங்கள்.

முன்னாடி இருக்கிற திரையில கோடு வளைஞ்சு போகுதே, நேராப் போகக் கூடாதா?

அதுதான் நேர். உருண்டையின் மேல் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே ஒரு நூலை இழுத்துப் பிடியுங்கள், அந்த நூல் போகும் வழிதான் மிகக் குறுகியது. அதைத் தட்டையான வரைபடத்தில் வரைந்தால் வளைந்து தெரியும். அமெரிக்காவுக்குப் போகும் வழியில் இந்த வளைவு பெரிதாக இருக்கும். நம் வழி பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் என்பதால் வளைவு மிகக் குறைவு, நடுவில் சுமார் 20 கி.மீ.தான் விலகும். உங்கள் திரையில் அதற்கு மேல் கோடு திரும்பினால் அது வழித்தடத்தின் திருப்பம், இல்லையென்றால் மேகத்தைச் சுற்றிப் போனது.

வழி பூரா கடல்தானா? நடுவுல ஏதாவது ஆச்சுன்னா?

முதல் பாதிதான் வெறும் கடல். அந்த நேர்கோட்டை வரைந்து பார்த்தால், சென்னையிலிருந்து வங்காள விரிகுடாவைத் தாண்டி சுமார் 1,650 கி.மீ. கடந்ததும் நிக்கோபாரின் தென்கோடி இந்திரா முனைக்கு அருகே போகிறது. பிறகு சுமத்ராவின் வடமுனையான ஆச்சே, அப்புறம் மலாக்கா நீரிணை, ஒரு பக்கம் சுமத்ரா, மறுபக்கம் மலேசியா. கடைசியில் மலாக்கா ஊரை ஒட்டிக் கடந்து சிங்கப்பூர். பண்டா ஆச்சே, மேடான், பினாங்கு, கோலாலம்பூர் என்று இறங்கக்கூடிய ஏர்போர்ட்டுகள் பிற்பாதி முழுவதும் இருக்கின்றன, வடக்கே அந்தமானில் போர்ட் பிளேர் (இப்போது ஸ்ரீ விஜயபுரம்) இருக்கிறது.

இரண்டு எஞ்சின் விமானம் ஒரு எஞ்சின் நின்றாலும் மற்றொன்றில் பறந்து இறங்கும்படிதான் செய்யப்பட்டிருக்கிறது. எரிபொருளும் சிங்கப்பூருக்கு மட்டும் போட மாட்டார்கள். அங்கே இறங்க முடியாமல் வேறு ஏர்போர்ட்டுக்குப் போக வேண்டிய அளவு, அதற்கு மேல் அரை மணி நேரம் வட்டமிடும் அளவு, இடையில் சுற்றிப் போனால் என்று இன்னும் கொஞ்சம். இதையெல்லாம் கணக்கிட்டுத்தான் கிளம்ப முடியும். என் அம்மா ஒவ்வொரு தடவையும் இந்தக் கேள்வியைக் கேட்பார், நானும் ஒவ்வொரு தடவையும் முழுசாகச் சொல்வேன். பயத்துக்கு அரைப் பதில் சொல்லக் கூடாது.

கோலாலம்பூர் வழியா, கொழும்பு வழியா எல்லாம் டிக்கெட் இருக்கு. எது சுத்து?

கோலாலம்பூர் நேர் வழியிலேயே இருக்கிறது என்று சொல்லலாம். சென்னை – கோலாலம்பூர் சுமார் 2,630, அங்கிருந்து சிங்கப்பூர் சுமார் 300. கூட்டினால் நேராகப் போகும் தூரத்தோடு சில கிலோமீட்டர்தான் கூடுகிறது. கொழும்பு வழியாகப் போனால் 650-ம் 2,750-ம் சேர்ந்து 3,400 கி.மீ., கிட்டத்தட்ட 480 கி.மீ. சுற்று.

ஆனால் பயண நேரத்தைத் தீர்மானிப்பது இந்தத் தூரம் அல்ல, நடுவில் உட்கார வைக்கும் நேரம். கோலாலம்பூரில் ஐந்து மணி நேரம் காத்திருக்க வேண்டுமென்றால் நேர் வழியில் இருந்து என்ன பயன்? இளவயசுப் பிள்ளைகள் பணம் மிச்சப்படுத்தப் போகட்டும். தனியாகப் போகும் பெரியவர்களை, மொழி தெரியாத இடத்தில் விமானம் மாற்றி ஏற விடாதீர்கள். நேர் விமானத்துக்குக் கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் பரவாயில்லை என்பதுதான் என் எண்ணம்.

பூமி கிழக்கு நோக்கிச் சுத்துது, அப்ப கிழக்கே போற விமானத்துக்கு அதிக நேரம் ஆகணுமே?

ஆகாது. பூமி சுற்றும்போது அதோடு காற்று மண்டலமும் சேர்ந்தேதான் சுற்றுகிறது, அந்தக் காற்றுக்குள்தான் விமானம் பறக்கிறது. ஓடும் ரயிலுக்குள் முன்பக்கம் நடந்தாலும் பின்பக்கம் நடந்தாலும் ஒரே மாதிரிதானே நடக்கிறோம், அது போல. நேரத்தை மாற்றுவது மேலே அடிக்கும் காற்று, அடுத்த பதிலில் சொல்கிறேன்.

அப்ப போறதுக்கும் வர்றதுக்கும் ஏன் நேரம் வேற வேறயா இருக்கு? அதுவும் மாசத்துக்கு மாசம் மாறுதே?

உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே வேகக் காற்று அடிக்கும், அதனால் கிழக்கே போவது சீக்கிரம் என்று பொதுவாகச் சொல்வார்கள். அமெரிக்கா, ஐரோப்பா வழிகளுக்கு அது பொருந்தும். வடஇந்தியாவுக்கு மேலும் குளிர்காலத்தில் அந்தக் காற்று பலமாக இருக்கும். நம் வழி அதற்கு வெகு தெற்கே இருப்பதால் அதன் பலன் இங்கே குறைவு.

நம்முடையது வேறு கதை. ஜூன் முதல் செப்டம்பர் வரை, கீழே தென்மேற்குப் பருவக்காற்று மேற்கிலிருந்து வீசும் அதே மாதங்களில், 12 கி.மீ.யும் அதற்கு மேலுமான உயரத்தில் தென்னிந்தியாவுக்கு மேலாகக் கிழக்கிலிருந்து மேற்கே ஒரு வேகக் காற்றாறு ஓடுகிறது. வெப்பமண்டலக் கீழைத் தாரைக்காற்று என்று பெயர். கோடையில் திபெத்திய மேட்டு நிலமும் அதைச் சுற்றிய பகுதியும் நன்றாகச் சூடாகி, தெற்கே கடலுக்கு மேலுள்ள காற்று அந்த அளவு சூடாகாமல் இருக்கும் வித்தியாசத்தில் பிறப்பது இது. நம் நாட்டு வானிலை அறிஞர் பி. கோட்டீஸ்வரம் 1958-ல் இதைப் பற்றி விரிவாக எழுதினார். விமானம் பறப்பது 10, 11 கி.மீ. உயரம் என்பதால் அந்தக் காற்றின் கீழ் விளிம்பு அதற்குக் கிடைக்கும். ஆகவே அந்த மாதங்களில் சிங்கப்பூர் போகும்போது எதிர்க்காற்று, வரும்போது பின்காற்று. ஒரு கணக்குக்கு மணிக்கு 50 கி.மீ. காற்று என்று வைத்தால் போகும்போது 12 நிமிடம் கூடும், வரும்போது ஏறக்குறைய அதே அளவு குறையும். இரண்டுக்கும் சேர்த்து இருபது நிமிடத்துக்கு மேல் வித்தியாசம்.

கீழே அடிக்கும் காற்றும் சில நிமிடத்தைத் தின்னும். சென்னையின் பெரிய ஓடுபாதை கிட்டத்தட்டக் கிழக்கு மேற்காக இருக்கிறது. காற்றை எதிர்த்துத்தான் விமானம் எழும்பும். வடகிழக்குக் காற்றுக் காலத்தில் கடல் பக்கமாக எழும்பி அப்படியே போய்விடலாம். மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் மேற்கே எழும்பி, பிறகு திரும்பிக் கிழக்கே போக வேண்டும். எங்கள் மொட்டை மாடியில் வடாம் காயப்போட்டுக்கொண்டு நிற்கும்போது, விமானம் தலைக்கு மேலே நெருங்கி எழும்பி வந்தால், மேற்குக் காற்று தொடங்கிவிட்டது, வடாத்துக்கு மேலே கல் வைக்க வேண்டும் என்று எனக்குத் தெரிந்துவிடும்.

காலையில 6 மணிக்கு இறங்கினேன், அங்க இன்னும் கும்மிருட்டா இருக்கே. ஊர் தூங்குதா?

சிங்கப்பூரில் வருடம் முழுக்க ஏறக்குறைய 7 மணிக்குத்தான் சூரியன் உதிக்கும், மாலையும் 7-ஐ ஒட்டித்தான் மறையும். கடிகாரத்தைச் சூரியனை விட ஒரு மணி நேரம் முன்னால் வைத்திருப்பதே காரணம். சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் சூரியக் கணக்கில் பார்த்தால் சுமார் 94 நிமிடம்தான் வித்தியாசம், இரண்டரை மணி நேரம் இல்லை. மீதி 56 நிமிடம் மனிதர்கள் முடிவு செய்தது.

முன்பு சிங்கப்பூர் நம்மை விட இரண்டு மணி நேரம்தான் முன்னால் இருந்தது. மலேசியா தன் இரண்டு பகுதிகளுக்கும் ஒரே நேரம் என்று கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளியபோது சிங்கப்பூரும் சேர்ந்துகொண்டது. 1981 டிசம்பர் 31 இரவு 11.30 ஆனதும் நேராக 12 என்று வைத்து 1982-க்குள் போய்விட்டார்கள். அதற்கு முன் ஜப்பானியர் பிடியில் இருந்த 1942 முதல் 1945 வரை டோக்கியோ நேரத்தையே வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. நமக்கும் ஒரு காலத்தில் மெட்ராஸ் நேரம் என்று தனியாக இருந்தது, ரயில்கள் அதைப் பார்த்து ஓடின.

அப்பாவுக்கு இன்சுலின் போடணும். இங்க ராத்திரி 8 மணிக்குப் போடறோம், அங்க எத்தனை மணிக்கு?

இங்கே 8 மணி என்பது அங்கே 10.30. அதே இடைவெளியில் தொடர்ந்தால் அங்கே 10.30-க்குப் போட வேண்டியிருக்கும், அது அங்குள்ள சாப்பாட்டு நேரத்துக்கு ஒத்து வராது. எப்படி மாற்றிக்கொண்டு வருவது என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்னால் டிக்கெட்டோடு போய், விமானத்தில் எத்தனை மணிக்குச் சாப்பாடு என்பதையும் சொல்லிக் கேட்டு, பேப்பரில் எழுதி வாங்குங்கள்.

மருந்தை மருந்துச் சீட்டோடு கைப்பையில் வையுங்கள். கீழே போகும் பெட்டியில் போட்டால், பெட்டி ஒரு நாள் பிந்தி வந்தாலும் அல்லது சரக்கு அறைக் குளிரில் இன்சுலின் உறைந்துபோனாலும் பிறகு ஓட வேண்டும்.

ராகு காலம் எந்த ஊர் நேரத்துக்குப் பார்க்கணும்?

இதைக் கேட்கத் தயங்கித் தயங்கிக் கேட்பார்கள், தயங்க ஒன்றுமில்லை. ராகு காலம் என்பது சூரியன் உதித்ததிலிருந்து மறையும் வரை உள்ள பகலை எட்டாகப் பிரித்து, அதில் கிழமைக்கு ஒரு பங்கு. ஆறுக்கு உதித்து ஆறுக்கு மறைகிறது என்று வைத்துத்தான் திங்கட்கிழமை 7.30 முதல் 9 என்று காலண்டரில் போடுகிறார்கள். மேலே சொன்னபடி சிங்கப்பூரில் 7-க்கு உதயம் என்பதால் அங்கே அதே திங்கட்கிழமைப் பங்கு 8.30 முதல் 10 வரை வரும். நம் 7.30-ஐ இரண்டரை கூட்டி 10 மணி என்று மாற்றுவதும் தவறு, அப்படியே 7.30 என்று பார்ப்பதும் தவறு.

எங்கள் வீட்டில், கிளம்பும் வாசல் எந்த ஊரோ அந்த ஊர்ச் சூரியனை வைத்துப் பார்க்கிறோம். சென்னை வீட்டை விட்டுக் கால் எடுத்து வைப்பதற்குச் சென்னைக் கணக்கு, தம்பி அங்கே புது வீடு பால் காய்ச்சியதற்குச் சிங்கப்பூர்க் கணக்கு.

தாத்தா கப்பல்ல போனாராம். அப்ப எத்தனை நாள் ஆச்சு?

துறைமுகங்களில் நிற்பதையும் சேர்த்து ஏறக்குறைய ஒரு வாரம். மணிக்கு 25 கி.மீ. போகும் கப்பல் இந்தத் தூரத்தைக் கடக்கவே ஐந்து நாள் வேண்டும். அதோடு நாகப்பட்டினம், பினாங்கு, கிள்ளான் துறைமுகம் என்று நின்று போகும். 1926-ல் வந்த ரஜுலா கப்பலின் பெயர் டெல்டா மாவட்டங்களில் பழைய குடும்பங்களுக்கெல்லாம் தெரியும், 1970-களின் தொடக்கம் வரை அது ஓடியது. அதற்குப் பிறகு எம்.வி. சிதம்பரம். 1985 பிப்ரவரியில் அதில் தீ விபத்து நடந்து உயிர்கள் போயின, அதோடு அந்தப் பயணிகள் போக்குவரத்தும் நின்றுபோனது. எங்கள் தாத்தாவின் தகரப் பெட்டி இன்னும் என்னிடம் இருக்கிறது, உள்மூடியில் பினாங்கு என்று வெள்ளைப் பெயிண்டில் எழுதியிருக்கும். இன்று எங்கள் வீட்டு அரிசி அதில்தான்.

ஜன்னல் சீட் எந்தப் பக்கம் கேட்கட்டும்?

போகும்போது இடப்பக்கம். இரவு விமானம் என்றால் கடைசி ஒரு மணி நேரம் தூங்காதீர்கள், மலாக்கா நீரிணையில் வரிசை வரிசையாகக் கப்பல் விளக்குகள் தெரியும், அந்தப் பக்கம் மலேசியக் கரையின் ஊர்களும் தெரியும். விடிந்த பிறகு இறங்கும் விமானம் என்றால் கிழக்கு வெளுப்பதும் இடப்பக்கம் முன்னால்தான்.

திரும்பி வரும்போதும் பெரும்பாலான மாதங்களில் இடப்பக்கமே. மாலை 6 மணி வாக்கில் அங்கிருந்து கிளம்பும் விமானம் கிடைத்தால் எடுங்கள். சூரியன் மேற்கே ஓட, விமானமும் அதன் பின்னாலேயே மேற்கே ஓடுவதால், தரையில் இருபது நிமிடத்தில் மங்கிவிடும் அந்திச் சிவப்பு இங்கே ஏறக்குறைய இரண்டு மடங்கு நேரம் நிற்கும். போன வருடம் தம்பி வீட்டிலிருந்து திரும்பியபோது சாப்பாட்டுத் தட்டைத் தொடாமல் பார்த்துக்கொண்டே வந்தேன், பணிப்பெண் தட்டை எடுக்க வந்தபோதும் ஜன்னல் ஓரத்தில் ஒரு கோடு சிவப்பு மிச்சம் இருந்தது.